பில்லிங் வேலையை விட்டு எம்.சி.ஏ. சேரலாமா?

கேள்வி: பி.சி.ஏ. முடித்துவிட்டு மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் 17,000 ரூபாய். வீட்டிலிருந்தே போய் வருகிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ.வுக்கு வருடம் 95,000 கேட்கிறார்கள். லேத் பட்டறையில் வேலை செய்யும் அப்பா, "இருக்கிற வேலையை விடாதே" என்கிறார். அம்மாவோ, "சீட்டு எடுத்துத் தருகிறேன், படி" என்கிறார். அந்தச் சீட்டு தங்கையின் படிப்புக்காகப் போட்டது. போட்ட பணம் திரும்புமா?
— வாசகி, சிங்காநல்லூர், கோவை

பதில்: கல்லூரி கேட்பது 1,90,000. பஸ், தேர்வுக் கட்டணம், லேப்டாப் என்று 70,000 வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,60,000. வீட்டில் எல்லோரும் இந்தத் தொகையை வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் பெரிய செலவு இது இல்லை. 24 மாதம் 17,000 வராமல் போகிறதே, அது 4,08,000. ஆக 6,68,000. கட்டணத்தைக் கடனில் கட்டி, 10 சதவீத வட்டியை வேலை கிடைக்கும்வரை தொடாமல் விட்டால் 7 லட்சத்தைத் தாண்டும். உங்கள் அப்பா கணக்குப் போடாமலேயே இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி: 2020-21க்கு முன்பு எம்.சி.ஏ. மூன்று வருடமாக இருந்தது, இன்னொரு வருடச் சம்பளமும் போயிருக்கும்.

சரி, வரவுக்கு வருவோம். படிக்காமல் இருந்தால் இரண்டு வருடத்தில் 20,000 வாங்குவீர்கள் என்று வைப்போம். படித்து முடித்து 25,000 கிடைத்தால் மாதம் 5,000தான் கூடுதல். 7 லட்சத்தை எடுக்கப் பன்னிரண்டு வருடம் போல ஆகும். அதுவே 40,000 கிடைத்தால் மூன்றே வருடம். (பிறகு வரும் சம்பள உயர்வுகளை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் முதல் கணக்கும் கொஞ்சம் இளகும்.)

அதனால் கல்லூரியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன வருடம் எம்.சி.ஏ. வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது? நான் வங்கிக் கிளையில் கல்விக் கடன் விண்ணப்பம் பார்த்த காலத்தில், "எதிர்பார்க்கும் சம்பளம்" என்ற இடத்தில் கல்லூரி நோட்டீஸில் போட்ட உச்சத் தொகையையே எழுதிக்கொண்டு வருவார்கள். அது அந்த வருடம் ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கும், அவரும் பெரும்பாலும் பி.இ. படித்தவர். நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். லிங்க்டின்னில் அந்தக் கல்லூரியின் எம்.சி.ஏ. சீனியர்களைத் தேடி, பத்துப் பேரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

என் யோசனை இது. எம்.சி.ஏ.வுக்கான தமிழக நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுங்கள். சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடமோ, உங்கள் ஊரிலேயே மருதமலைப் பக்கம் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத் துறையோ கிடைத்தால் தயங்காமல் வேலையை விடுங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் அங்கே தேடி வருகின்றன. அது கிடைக்காவிட்டால், நீங்கள் சொன்ன தனியார் கல்லூரிக்கு 7 லட்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் படிக்கும் இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.சி.ஏ.வும் இரண்டு வருடம்தான், மொத்தமே ஏறத்தாழ 50,000. சம்பளம் வந்துகொண்டே இருக்கும். பட்டம் செல்லும், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே அதை நேரடிப் படிப்புக்குச் சமம் என்கிறது. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் புதியவர்களை எடுக்கும்போது முழுநேரப் படிப்பா என்று பார்க்கின்றன.

அந்தக் குறையை உங்கள் வேலையை வைத்தே ஓரளவு சரிக்கட்டலாம். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, ஜி.எஸ்.டி. எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. மருந்துக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்பவர்கள் இதெல்லாம் தெரிந்த ஆளைத்தான் சப்போர்ட்டுக்கும் இம்ப்ளிமென்டேஷனுக்கும் தேடுவார்கள். டேட்டாபேஸைக் கையாளும் மொழியான எஸ்.க்யூ.எல். படித்துக்கொண்டு அந்தப் பக்கம் விண்ணப்பியுங்கள்.

எதைச் செய்தாலும் சீட்டைத் தொடாதீர்கள். முன்னதாக ஏலத்தில் எடுத்தால் தள்ளுபடியிலேயே ஒரு தொகை போய்விடும். கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டினால் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் வட்டி மானியம் பற்றியும் கேளுங்கள். பி.சி.ஏ.வுக்கே அதை வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்காது.

கேள்வி: நான் பி.காம். எம்.சி.ஏ. சேர முடியுமா?
— வாசகர், தேனி

பதில்: பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்தால் முடியும். கம்ப்யூட்டர் பாடம் படிக்காதவர்களுக்குத் தொடக்கத்தில் இணைப்புப் பாடங்கள் வைப்பார்கள். பிளஸ் டூவில் வணிகக் கணிதம்தான் என்றால், சேரப்போகும் கல்லூரி அதை ஏற்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.