அப்பா, அம்மா பிரீமியத்தை இனி நாமே கட்ட வேண்டுமாம்!

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். முன்பெல்லாம் பெற்றோருக்கும் சேர்த்து கம்பெனியே மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன் பாதி பிரீமியத்தை எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். இந்த ரினியூவலில் முழுவதையும் நாங்களே கட்ட வேண்டும் என்று மெயில் வந்திருக்கிறது. இருவருக்கும் 38,400 ரூபாய். அதோடு, பெற்றோர் கிளெய்மில் 20 சதவீதம் எங்கள் பங்காம். அப்பாவுக்கு 66 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, பி.பி. அம்மாவுக்கு 61, மாத்திரை எதுவும் இல்லை. இதை விட்டுவிட்டு வெளியில் பாலிசி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அப்பாவுக்கு மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். பொதுவாக கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசியில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். வெளியில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். நடுவில் அதனால் இதயத்திலோ சிறுநீரகத்திலோ ஏதாவது வந்தால் முழு பில்லும் உங்கள் தலையில்தான்.

கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் 22 வருடம் இருந்தேன். ரினியூவலுக்கு ஒன்றரை மாதம் முன்பே புரோக்கர் ஃபைலோடு வந்து உட்காருவார். இன்சூரன்ஸ் கம்பெனி பார்ப்பது ஒரே கணக்கு: போன வருடம் எவ்வளவு பிரீமியம் வாங்கினோம், எவ்வளவு கிளெய்ம் கொடுத்தோம். ஒரு வருடம் எங்கள் கிளெய்மில் பாதிக்கு மேல் பெற்றோருடையது. மூட்டு மாற்று, ஸ்டென்ட், கண்புரை. உடனே நிர்வாகத்துக்குத் தோன்றிய வழி, பெற்றோரைத் தனியாகப் பிரித்து, வேண்டுமென்கிறவர் கட்டிக்கொள்ளட்டும் என்பது. நான் எதிர்த்துப் பேசினேன், எடுபடவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். பெற்றோர் நலமாக இருந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிகளை வைத்திருந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். கட்டுகிறவர் குறைந்தார்கள், கிளெய்ம் அப்படியே இருந்தது, அடுத்த ரினியூவலில் பிரீமியம் இன்னும் எகிறியது. மூன்றாவது வருடம் அந்தத் திட்டமே போய்விட்டது. உங்கள் கம்பெனியிலும் இப்படி ஆகலாம் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் குரூப்பில் கட்டிக்கொண்டே, அப்பாவுக்கு வெளியிலும் இந்த மாதமே ஒரு பாலிசிக்கு விண்ணப்பியுங்கள். காப்பீட்டுத் தொகை மூன்று லட்சமாக இருந்தாலும் போதும். காத்திருப்புக் காலம் இன்றிலிருந்தே ஓடட்டும். 65 வயதுக்கு மேல் புது பாலிசி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வரம்பை 2024-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் சர்க்கரை, பி.பி.யை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். மறைத்தது கிளெய்ம் நேரத்தில் வெளியே வந்தால் கட்டிய பணமெல்லாம் வீண்.

அம்மா விஷயம் வேறு. அவருக்கு இப்போதே தனி பாலிசி எடுத்துவிடுங்கள். குரூப்பில் அப்பாவை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். சில கம்பெனிகளில் இருவரையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. உங்கள் 38,400-ல் வரியும் அடக்கம் என்றால், அதில் 5,850 ரூபாய்க்கு மேல் வரிக்கே போகிறது. வெளியில் விலை கேட்டு ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். பழைய வரி முறையில் இருந்தால், 60 வயது தாண்டிய பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரியில் வருடம் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. சம்பளத்தில் பிடித்ததும் இதில் சேரும், அதற்கான சான்றை எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள்.

கிளெய்மில் உங்கள் பங்கு, அதாவது கோ-பே, 20 சதவீதம் என்றால் மூன்று லட்ச ரூபாய் பில்லில் 60,000 உங்களுடையது. அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2011-ல் என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். மூன்று லட்சம் பாலிசியில் ரூம் வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரைதான். அந்தப் பதற்றத்தில் 6,000 ரூபாய் ரூமில் சேர்த்துவிட்டேன். வாடகையில்தான் பாதி போகும் என்று நினைத்திருந்தேன். டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று இரவு மாமாவிடம் கடன் வாங்கித்தான் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தினமும் கிளெய்ம் பேப்பர் பார்த்த எனக்கே அன்று அது தோன்றவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், அட்மிஷன் போடும்போதே ரூம் வரம்பைக் கேளுங்கள்.

கேள்வி: திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. ஏப்ரலில் கிடைத்த இன்க்ரிமென்ட்டில் சம்பளம் 22,500 ஆகிவிட்டது. இனி இ.எஸ்.ஐ. கிடையாது என்கிறார்கள். வேறு இன்சூரன்ஸும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: சம்பளம் கூடியதால் மருத்துவப் பாதுகாப்பு போகிறதென்றால் கோபம் வரத்தான் செய்யும், சகோதரி. இ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். ஆனால் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறாறு மாதக் கணக்கு உண்டு. நடுவில் சம்பளம் தாண்டினால் அந்த ஆறு மாதம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். உங்கள் 21,000-ஐத் தாண்டியது ஏப்ரல் 1-ஆ, அதற்குப் பிறகா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பிறகென்றால் செப்டம்பர் வரை நிறுத்தக்கூடாது.

அதற்குள் ஒன்று கேளுங்கள். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டியது 3.25 சதவீதம். உங்கள் சம்பளத்துக்கு மாதம் 730 ரூபாய்க்கு மேல் வரும். வரம்பு தாண்டிய எல்லோரும் சேர்ந்து, அந்தப் பணத்தில் எங்களுக்கு ஒரு குரூப் பாலிசி எடுத்துக் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். நாலு பேர் கையெழுத்தோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.