துபாயில் முதல் ஸ்கைடைவிங்: தரையில் கேட்க வேண்டியவை

"அடுத்த மாதம் துபாய் செல்கிறேன். ஒருமுறை விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் செய்து பார்க்க ஆசை, ஆனால் உயரம் என்றாலே நடுக்கம். செய்யலாமா, வீட்டில் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முதன்முறையாக வெளிநாடு செல்பவர், விமானச் சீட்டுக்கே சேமிப்பில் பெரும்பகுதி போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்லாமல் செய்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்பதால் ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். என் அப்பா பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர். ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதித்து வாங்கிய இறக்கைச் சின்னம் இன்றும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நானோ ராணுவத்துக்குப் போகாமல் ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். ஊரில் யாரும் என்னை நேருக்கு நேர் குறை சொன்னதில்லை. இருந்தாலும், திருவிழா நாளில் விடுமுறைக்கு வந்திருக்கும் என் வயதுக்காரர்கள் நடுவில் நிற்கும்போது என் மனம் சுருங்கியதுண்டு. தம்பி வேலை பார்க்கும் துபாய்க்குச் சென்றபோது நான் குதிக்கப் பெயர் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு' என்று இதைக் கண்டிப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். அது கடன் வாங்கிய பணமன்று, இரண்டு ஆண்டு தீபாவளி போனஸில் எடுத்து வைத்தது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நம் ஊரில் பலர் நினைப்பதுபோல் முதல் முறை செல்பவரைத் தனியாகக் குதிக்க விடுவதில்லை. டாண்டம் என்ற முறையில், பயிற்றுநரின் மார்போடு உங்கள் முதுகு சேருமாறு தோள்களில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு கொக்கிகளால் பிணைத்து விடுவார்கள். பாராசூட் அவருடைய முதுகில் இருக்கும், அதைத் திறக்கும் பொறுப்பும் அவருடையது. குதித்து இறங்கும்வரை நீங்கள் ஒரு பயணி. ஆகவே இது உங்கள் வீரத்துக்கு வைக்கும் சோதனையன்று, பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் தரையிலேயே சொல்லிவிடலாம். பணம் திரும்பக் கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான்.

முதலில் எடை பார்த்தார்கள். வரம்பு உண்டு என்பதால் முன்பதிவுக்கு முன்பே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் வழக்குத் தொடர மாட்டேன் என்று கையொப்பமிட்ட பிறகு பட்டைகளை மாட்டினார்கள். தொடைகளைச் சுற்றிய பட்டை நடக்கவே இடைஞ்சலாக இருந்தது, ஆனால் உங்கள் எடையைத் தாங்கப் போவது அதுதான். விமானத்தில் மேலே ஏறிய பிறகு பயிற்றுநர் இடுப்புக் கொக்கிகளை மாட்டி, பட்டையை ஒரே இழுப்பாக இழுத்தார். என் மூச்சு ஒருகணம் நின்று வந்தது. அவருடைய உயரமானியில் 13,000 அடி காட்டியது. ஏலகிரியைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு உயரம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். கதவைத் திறந்ததும் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், கீழே 25 டிகிரி இருந்த நாளில் மேலே பனிக்கட்டி உறையும் குளிர்.

கால்களை விமானத்துக்கு அடியில் மடக்கி, தலையை அவருடைய தோளில் சாய்த்து, கைகளால் மார்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ராட்டினம் இறங்கும்போது வயிறு மேலே எழும்புமே, அப்படித்தான் இருக்கும் என்று அஞ்சியிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. விமானம் ஏற்கெனவே வேகமாக முன்னே போய்க்கொண்டிருப்பதால், வெளியே வந்த உடலைக் காற்று உடனே தாங்கத் தொடங்கிவிடுகிறது, விழுவதாகவே தோன்றுவதில்லை. முதல் சில நொடிகளில் பயிற்றுநர் ஒரு சிறு பாராசூட்டை வீசுவார். இருவர் எடை சேர்ந்து வேகம் கூடிவிடாமல், தனியாள் விழும் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலேயே பிடித்து வைப்பது அதுதான். அவர் தோளில் இரண்டு முறை தட்டியதும் கைகளை விரித்தேன். காதில் காற்றின் இரைச்சல், கீழே கடலுக்குள் பேரீச்சை மரம்போல் விரிந்திருந்த பாம் ஜுமேரா. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துப் பெரிய பாராசூட் விரிந்ததும் வந்த அமைதியைச் சொல்லில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். தரையை நெருங்கும்போது இரண்டு கால்களையும் முன்னே தூக்கி, உட்கார்ந்த நிலையில் இறங்க வேண்டும்.

இப்போது எனக்குப் பெரிதும் மனக்கசப்பைத் தந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலூரில் எனக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த பயண முகவர், பயணக் காப்பீட்டைக் காட்டி, "எல்லாமே இதுல அடங்கும் சார்" என்றார். ஊர் திரும்பிய பிறகு அதைப் பொறுமையாகப் படித்தபோதுதான், சாகச விளையாட்டுகளில் நேரும் காயத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற வரி பதினான்காம் பக்கத்தில் சிறு எழுத்தில் இருந்தது. என் கால் முறிந்திருந்தால் அந்நாட்டு மருத்துவச் செலவை நானும் தம்பியும் எப்படித் தாங்கியிருப்போம் என்பதை நினைத்தால் இன்றும் உடல் பதறுகிறது. படிக்காமல் பணம் கட்டியது உன் தவறு என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் உறுதியாகச் சொல்லி விற்பவருக்கு அதில் பொறுப்பே இல்லையா? நீங்கள் ஸ்கைடைவிங் என்ற சொல்லையே சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே பயணத்தில் ஸ்கூபா டைவிங்கும் செய்வதாக இருந்தால், கடலுக்குள் மூழ்கி எழுந்த பிறகு ஒரு முழு நாள் கழியாமல் விமானத்தில் ஏறாதீர்கள்.

தம்பி மனைவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் பார்த்துத்தான் வீட்டில் தெரிந்துகொண்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு தொலைபேசியில் பேசவில்லை. ஊர் வந்து சேர்ந்த அன்று மாலை, அப்பா என் கைப்பேசியை வாங்கி, நான் குதித்தபோது எடுத்த காணொளியைப் பார்த்தார். கடலையும் என் முகத்தையும் தாண்டிச் சென்றவர், கதவருகே நான் உட்கார்ந்திருந்த காட்சியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொடைப் பட்டையை விரலால் பெரிதாக்கினார். "இன்னாடா, இந்தப் பட்டைய யார் சரிபார்த்தது?" பயிற்றுநர் என்றேன். "அவர் மட்டும்தானா? எங்களுக்குப் பின்னாடி நிக்கறவன் ஒருவாட்டி பார்ப்பான், ஏத்திவிடற மாஸ்டர் ஒருவாட்டி பார்ப்பாரு." அவர்களுக்கு விமானத்தில் கட்டிய கயிறே குதித்ததும் பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். நான் கால்களைத் தூக்கி இறங்கியதைப் பார்த்து முகம் சுளித்தவர், எழுபத்தொரு வயதில் திண்ணையிலிருந்து எழுந்து நின்று, பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டி லேசாக மடக்கி, தாங்கள் இறங்கிய விதத்தைக் காட்டினார். அந்தக் கால்கள் அப்படிச் சேர்ந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு உட்கார்ந்து, "பாராசூட்டை மடிச்சது யாரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பின்புதான் தேடிப் படித்தேன். முதன்மைப் பாராசூட் விரியாவிட்டால் திறக்க மாற்றுப் பாராசூட் ஒன்று இருக்கும். அதைச் சான்று பெற்றவர் மட்டுமே மடித்து, தேதியிட்டுக் கையொப்பமிட்ட அட்டையை வைத்திருப்பார். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழும் வேகம் குறையாவிட்டால் அதைத் தானே திறந்துவிடும் சிறு கருவியும் உண்டு. 1991-இல் ஜெர்மனியில் வெளிவந்த சைப்ரஸ் (CYPRES) என்ற கருவிக்குப் பிறகு இத்தகையவை பரவலாகின. முன்பணம் கட்டுவதற்கு முன், மாற்றுப் பாராசூட்டை மடித்த தேதியையும் அந்தக் கருவி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நான் இரண்டையும் கேட்காமல் ஏறிவிட்டேன்.