டேபிள் வீங்கினதோ, நிறைஞ்சதோ: போஸ்ட்கிறெஸ் டேட்டாபேஸின்ரை இடக்கணக்கு, கேள்வி பதில்

கிளிநொச்சி, அரிசி ஆலைக் கணக்கு: அண்ணை, நெல் கொள்வனவு டேபிளிலை போன காலபோக வரிகள் முழுக்க டிலீட் பண்ணிப்போட்டன். டிஸ்க்கிலை ஒரு எம்பியும் குறையேல்லை.

குறையாது தம்பி. டிலீட் வரியைச் செத்ததெண்டு குறிக்கும், அவ்வளவுதான். வேக்கியூம், அதாவது செத்த வரிகளைக் கூட்டித் துடைக்கிற வேலை, ஓடினாப்பிறகு அந்த இடம் அதே டேபிளின்ரை புது வரிகளுக்குக் கிடைக்கும். கோப்பின்ரை வாலிலை முழுசா வெறுமையாகிக் கிடக்கிற பக்கங்கள் மட்டும்தான் டிஸ்க்குக்குத் திரும்பும்.

முதல்லை அளவுங்கோ. பிஜி_ரிலேஷன்_சைஸ் பிரதான கோப்பை மட்டும் காட்டும். பிஜி_டேபிள்_சைஸ் டோஸ்ட்டையும், அதாவது பெரிய பெறுமதிகளைத் தனியா வைக்கிற இடத்தையும், சேர்க்கும். பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் இண்டெக்ஸுகளோடை (தேடலைக் கெதியாக்கிற சுட்டிகள்) முழுக்கூட்டு. முதலாவதைப் பாத்துப்போட்டு "டேபிள் சின்னன்தானே" எண்டு நிக்கிற ஆக்கள் கனபேர்.

பிறகு பிஜிஸ்டாட்டப்பிள் நீட்சியைப் போட்டு ரெண்டு எண்ணைப் பாருங்கோ: செத்த வரி வீதம், வெற்றிட வீதம். செத்தது கூடவெண்டால் வேக்கியூம் பிந்துது, இல்லாட்டி ஏதோ மறிக்குது. வெற்றிடம் மட்டும் கூடவெண்டால் வேக்கியூம் தன்ரை வேலையைச் செய்திட்டுது. சிறுபோக நெல் வர அது நிரம்பும். இது டேபிளை முழுக்க வாசிக்கும், பெரிய டேபிளுக்கு அப்புறொக்ஸ் வடிவத்தைப் பாவியுங்கோ.

போகம் போகமாத்தான் அழிப்பியள் எண்டால் போகத்துக்கு ஒரு பார்ட்டிஷன், அதாவது டேபிளின்ரை தனித்துண்டு, வையுங்கோ. அதை ட்றொப் பண்ணினவுடனை இடம் வந்திடும்.

வவுனியா, மாணவி: வேக்கியூம் ஓடியும் செத்த வரி குறையேல்லை அண்ணா.

ஆரோ ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துபோட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போட்டினம். பிஜி_ஸ்டாட்_அக்டிவிட்டியிலை "ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்" எண்டு நிக்கிறவையின்ரை தொடங்கின நேரத்தைப் பாருங்கோ. அதிலை ஒண்டுமில்லையெண்டால், கைவிட்ட ரெப்ளிக்கேஷன் ஸ்லொட்டாயும் இருக்கலாம், அதாவது இப்ப பாவிக்காத பிரதி சேர்வருக்காகப் பழசைப் பிடிச்சு வைக்கிறது. தானா ஓடுற ஓட்டோவேக்கியூமின்ரை இயல்பு எல்லை 50 வரியோடை டேபிளின்ரை 20 வீதம்: 10 லட்சம் வரியெண்டால் 2,00,050 செத்தாப்பிறகுதான் எழும்பும். அந்த டேபிளுக்கு மட்டும் அந்த 20 வீதத்தைச் சொல்லுற ஸ்கேல் ஃபாக்டரை 0.02 ஆக்குங்கோ.

முல்லைத்தீவு: வேக்கியூம் ஃபுல் அடிச்சால் எல்லாம் சரிவருமோ?

அது டேபிளைப் புதுசா எழுதி நெரிக்கிற கட்டளை, பகலிலை அடிக்காதேங்கோ. முடியும் வரைக்கும் வாசிக்கிற செலெக்ட்டும் மறிபட்டு நிக்கும். புதுப்பிரதி எழுதி முடியிற வரைக்கும் பழைய கோப்பும் கிடக்கும், ஆனபடியால் டிஸ்க் நிரம்பினாப்பிறகு அது உதவாது.

மாங்குளம்: நான் அதைக் கிழமைக்கொருக்கா கிறொனிலை (நேரம் வைச்சுத் தானா ஓடுறது) ஓட்டுறன், ஒரு சிக்கலுமில்லை. 40 வீதம் வெற்றிடம் எண்டால் வீண்தானே?

நீங்கள் நெரிச்சுச் சின்னனாக்க, அடுத்த அப்டேட் புதுப்பக்கம் கேக்கும், திரும்ப வளரும். அப்டேட் எண்டாலே வரியின்ரை புதுப்பிரதிதான். ஒவ்வொரு கிழமையும் சும்மா எழுதிக்கொண்டிருக்கிறியள்.

மாங்குளம்: பேக்கப் பெருக்குமே?

பிஜி_டம்ப் உயிருள்ள வரியைத்தான் எடுக்கும், அது பெருக்காது. பேஸ் பேக்கப் கோப்பை அப்பிடியே கொப்பி பண்ணும், அங்கை நீங்கள் சொல்லுறது சரி. முழு ஸ்கானும் வெறும் பக்கத்தை வாசிக்கும், அதுவும் சரி. எண்டாலும் அடுத்த போகத்திலை நிரம்பிற 40 வீதம் வீணில்லை. 90 வீதம் வெற்றிடமாகி, இனி நிரம்பவே போறதில்லை எண்டால் ஒருக்கா நெரியுங்கோ. அதுக்கும் டேபிளைக் கனநேரம் பூட்டாமல் நெரிக்கிற பிஜி_ரீபேக் நீட்சி நல்லது. பிரைமரி கீ, இல்லாட்டி வெறுமை விடாத யுனிக் இண்டெக்ஸ் இருக்கவேணும்.

நெடுங்கேணி: களஞ்சியத்தில வெறும் மூலை கிடக்குதெண்டு ஆரும் சுவரை இடிக்கிறேல்லைத்தானே.

அதைத்தான் நானும் சொல்லுறன்.

மன்னார்: டேபிளை விட இண்டெக்ஸ் பெரிசாக் கிடக்கு.

பிஜிஸ்டாட்இண்டெக்ஸிலை சராசரி இலை அடர்த்தியை (பக்கம் எத்தினை வீதம் நிறைஞ்சது) பாருங்கோ. புதுசாக் கட்டின பி-ட்றீ இண்டெக்ஸிலை 90 கிட்ட நிக்கும். 40க்கு இறங்கியிருந்தால் எழுதிறதை மறிக்காமல் திரும்பக் கட்டுற ரீஇண்டெக்ஸ் கன்கறண்ட்லியை ஓட்டுங்கோ, 12ஆம் பதிப்பிலையிருந்து இருக்கு. இடையிலை முறிஞ்சால் பேரிலை "சிசிநியூ" ஒட்டின செல்லாத இண்டெக்ஸ் மிஞ்சும்; அதை ட்றொப் பண்ணிப்போட்டுத் திரும்ப ஓட்டுங்கோ. பாவனை பூச்சியம் எண்ட இண்டெக்ஸை அழிக்க முதல் ரெப்ளிக்கா (பிரதி) சேர்வரிலையும் எண்ணிக்கையைப் பாருங்கோ. யுனிக் எண்டால் தொடாதேங்கோ.

ஒட்டுசுட்டான்: தமிழிலை ஊர்ப்பேர் வைச்சால் இடம் கூடுமோ?

ஓம். யுடிஎஃப்-8இலை ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "வவுனியா" உகர, இகர, ஆகாரக் குறிகளையும் தனித்தனியா எண்ணினால் 7 குறி, 21 பைட். அதுக்காகப் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுக்குத் திரும்பாதேங்கோ. ஊருக்கு ஒரு இலக்கம் குடுத்து வேறை டேபிளிலை வையுங்கோ.

செட்டிகுளம்: மைஎஸ்கியூஎல்லிலை?

டேட்டா_ஃப்ரீ (வெற்றிட அளவு) எண்ணிலை தொடங்குங்கோ. மிச்சத்தை அது தெரிஞ்ச ஆளிட்டைக் கேளுங்கோ.

புதுக்குடியிருப்பு: டிலீட் பண்ணினன், இடம் குறையேல்லை...

முதல் பதில்.

பரந்தன்: எனக்கும் அதே. வேக்கியூம் ஃபுல் அடிக்கட்டோ?

இப்ப மணி எத்தினை தம்பி?