பிடித்தமும் ரசீதும்

அன்புள்ள ஐயா,

தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்கிறார்கள். மற்றபடி சங்கம் எனக்கு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. கூலி உயர்வு பேசுவதோடு நின்றுவிடும் சங்கம் முதலாளித்துவத்தின் ஆயுளைத்தானே நீட்டிக்கிறது? எங்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். அவர்கள் சங்கத்தில் இல்லை, அவர்கள் கதை வேறு. நான் சந்தாவை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று, மறைந்த என் அம்மாவின் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு ரசீதுப் புத்தகம் கிடந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலாளித்துவத்தின் ஆயுள் பற்றிய கேள்வி பழையது. கூலி முறையின் விளைவுகளோடு மட்டும் மல்லுக்கட்டும் சங்கங்கள் தோற்றுப்போகும் என்று 1865இலேயே, பல நாட்டுத் தொழிலாளர்களின் அமைப்பான முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவில் மார்க்ஸ் பேசினார். மூலதனத்தின் அத்துமீறலை எதிர்க்கும் மையங்களாக அவை நன்றாகச் செயல்படுகின்றன என்பதும் அதே பேச்சில் இருக்கிறது. பாதியைப் பிடித்துக்கொண்டு சந்தாவை நிறுத்த வழி தேடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது 'பிடிக்கிறார்கள்' என்ற சொல். 1888 ஜூலையில் லண்டனில், பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியேறினார்கள். வேலை நேரத்தில் பேசினால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம் என்று நிர்வாகம் அவர்கள் கூலியில் கைவைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்கள் வென்றார்கள், அபராதங்கள் ஒழிந்தன, சங்கம் பிறந்தது. பிடித்தத்தை எதிர்த்துப் பிறந்த ஒன்று இன்று உங்களுக்கு வெறும் பிடித்தமாகத் தெரிகிறது. அதில் உங்கள் தவறு பாதிதான்.

அம்மா நூற்பு மில்லில் வேலை செய்தார். சம்பள நாளன்று ஷிப்ட் முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொடுக்காதவர்கள்தான் நின்று பேசுவார்கள். 'உங்கள் சங்கம் என்ன கிழித்தது?' என்று தொடங்கி, எந்த மேஸ்திரி கை நீட்டினான், எந்த இயந்திரத்துக்குக் காப்பு இல்லை, யாருக்குப் பேறுகால விடுப்பு மறுக்கப்பட்டது என்று கொட்டுவார்கள். அம்மா அவற்றை ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். நிர்வாகத்தோடு பேசும்போது சங்கத்தின் கையில் இருந்தது அந்தப் பின்பக்கம்தான்.

பிறகு சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. எல்லோரும் அதை வெற்றி என்றார்கள். வெற்றிதான், வசூலிப்பவரை மிரட்டிச் சங்கத்தை முடக்கிய காலம் அதோடு முடிந்தது. ஆனால் அம்மா வாசலில் நிற்க வேண்டிய தேவையும் முடிந்தது. என் கையில் இருக்கும் புத்தகத்தில் முதல் பதினோரு ரசீதுகளின் பின்புறம் பென்சில் எழுத்து. மீதி வெறுமை.

சந்தாவை வாசலில் நின்று வாங்காத சங்கத்துக்கு, சந்தா கொடுக்காதவனின் முகம் தெரியாது. சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் மட்டுமே அதன் கண்ணில் படுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் வேறொருவரின் பட்டியலில் இருக்கிறது. அவரிடம் பிடித்தம் இல்லை, ஆகவே அவர் சங்கத்தில் இல்லை, ஆகவே அவர் குறை எந்தக் கோரிக்கையிலும் இல்லை. நிர்வாகம் போட்ட கோட்டைச் சங்கமே தன் எல்லையாக வைத்துக்கொண்டது. நீங்களும் அதே கோட்டில் நின்று 'அவர்கள் கதை வேறு' என்று எழுதுகிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதே இயந்திரம், அதே தூசி, பாதிக் கூலி. எப்படி வேறு? அவர்களைக் காட்டித்தானே நாளை உங்கள் கூலியையும் இறக்கப்போகிறார்கள்?

சந்தாவை நிறுத்தாதீர்கள். அடுத்த சம்பள நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நில்லுங்கள். பணம் கேட்க வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெளியே வரும்போது ஒருவரிடமாவது பேசி, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்