பொத்தானுக்குப் பெயர் எழுதச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பரே. மஞ்சக்குப்பத்தில் உங்களோடு வாக்குச் சேகரிக்கும் பார்வையற்ற தம்பி பிரசாரச் செயலியில் எதைத் தொட்டாலும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் "பெயரிடப்படாத பொத்தான்" என்றே சொல்வதாக எழுதியிருந்தீர்கள். குறை போனிலும் இல்லை, தம்பியிடமும் இல்லை. செயலியை எழுதியவர் படக்குறிகளுக்குப் பெயர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் அதற்கென்றே 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்ற இடம் உண்டு. "அழை", "இந்த வீடு முடிந்தது" என்று அங்கே தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலையும் ஸ்கேன் செய்த படமாக ஏற்றாமல், டாக்பேக் வாசிக்கும்படி எழுத்தாகவே ஏற்றட்டும். திருத்தியதும் முதலில் தம்பியே சோதிக்கட்டும். கண்ணால் பார்ப்பவருக்குப் பாதிப் பிழை தெரியாது. அதுவரை அவரை நோட்டீஸ் மடிக்க உட்கார வைத்துவிடாதீர்கள். மக்களிடம் பேசத்தான் அவர் வந்திருக்கிறார்.