சந்தைக்குப் போய்ட்டு வர்றவங்கள ஏன் நிறுத்துறாங்க?

கேள்வி: ஐயா, நாங்க அந்தியூர் பக்கம். போன தேர்தலப்ப எங்க மாமனார் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைல ரெண்டு மாடு வித்துட்டு 84 ஆயிரத்தோட வந்தாருங்க. பறக்கும் படை வண்டிய நிறுத்தி ரசீது கேட்டாங்க, சந்தைல யாருங்க ரசீது தர்றாங்க? காச சீல் வச்சு கொண்டு போய்ட்டாங்க. அப்புறம் காசு வந்துருச்சு, ஆனா இன்னும் அத நினைச்சு மனசு ஒடிஞ்சு பேசறாரு. அவரு செஞ்ச தப்பு என்னங்க?
- வாசகி, அந்தியூர்

பதில்: ஒரு தப்பும் இல்லம்மா, இத முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. 50 ஆயிரத்துக்கு மேல கைல வச்சிருக்கறது குற்றம்னு இந்த நாட்டுல எந்தச் சட்டமும் கிடையாது. அந்த 50 ஆயிரம் கணக்கு தேர்தல் ஆணையம் அதிகாரிங்களுக்குப் போட்ட வழிமுறைல வர்றது, அதுலயும் வேட்பாளர், அவரோட ஏஜெண்ட், கட்சிக்காரங்க போற வண்டில அவ்ளோ ரொக்கம் இருந்தா பறிமுதல் பண்ணலாம்னுதான் இருக்கு. ரோட்டுக்கு வரும்போது அது அப்படியே தலைகீழா மாறி, மாடு வித்தவரு, மஞ்சள் வித்தவரு, பொண்ணு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போறவங்கன்னு எல்லாரும் நான் கட்சிக்காரன் இல்லன்னு நிரூபிக்கணும்ங்கற நிலைமை ஆகிடுச்சு, எனக்குக் கோவம் வர்றதே இங்கதான். சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டு விரல புடிச்சு விலை பேசி முடிக்கற வியாபாரம் அது, அங்க பில் எங்கேன்னு கேட்டா அந்த மனுஷன் எங்க போவாரு? தேர்தல் அறிவிச்சாலே கேரளா, கர்நாடகா வியாபாரிங்க ஈரோட்டுக்கு வர யோசிக்கறாங்க, மாட்டுச்சந்தையும் படுக்குது, ஜவுளிச் சந்தையும் படுக்குது.

மத்தவங்களுக்கும் உதவும்னு ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு மாவட்டத்துலயும் இதுக்குன்னு மூணு அதிகாரிங்க குழு இருக்கு, அதுல மாவட்ட கருவூல அதிகாரியும் ஒருத்தர். வழக்கு போடாத பறிமுதல், கட்சிக்கோ வேட்பாளருக்கோ சம்பந்தம் இல்லாத பறிமுதல் எல்லாத்தையும் அவங்களே எடுத்துப் பாத்து காச விடுவிக்கணும், நீங்க மனு கொடுத்தாத்தான்னு இல்ல. வழக்கு இல்லன்னா ஓட்டுப்பதிவு முடிஞ்சு 7 நாளுக்கு மேல அந்தக் காச வச்சிருக்கவும் கூடாது. பறிமுதல் பண்றப்ப கொடுக்கற சீட்டுலயே எங்க முறையிடணும்னு எழுதியிருக்கணும், அத கேட்டு வாங்காம அந்த இடத்த விட்டு நகராதீங்க. பொம்பளைங்க கைப்பைய பெண் அதிகாரி இல்லாம சோதனை போடக்கூடாது, இதையும் மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: இப்பதான் ஜிபே இருக்கே, எதுக்கு ரொக்கமா தூக்கிட்டு அலையணும்?
- வாசகர், சென்னை

பதில்: யுபிஐல சாதாரணமா ஒருத்தர் ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் அனுப்ப முடியும், நாலு மாடு வாங்க வர்ற வியாபாரிக்கு அது பத்தாது. பட்டன் போன் வச்சிருக்கற பெரியவங்களும் இருக்காங்க. ரொக்கத்துல வியாபாரம் பண்றது அவங்க உரிமை சார், வருமான வரிச் சட்டமே ஒருத்தர்கிட்ட ஒரே நாள்ல 2 லட்சத்துக்குக் கீழ ரொக்கமா வாங்கிக்க விடுது.

கேள்வி: அப்போ ஓட்டுக்குக் காசு கொடுக்கறத அப்படியே விட்டுடலாம்னு சொல்றீங்களா?
- வாசகர், தர்மபுரி

பதில்: விடவே கூடாது. ஓட்டுக்குக் காசு இந்த மாநிலத்தோட பெரிய நோய், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. 2017ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலயே ரத்து பண்ணாங்க. 2019ல வேலூர் எம்பி தேர்தல் நின்னு ஆகஸ்ட்ல நடந்துச்சு, அங்க சிக்கினது கோடிக்கணக்குல, வார்டு வாரியா பிரிச்சு கட்டி ஒரு குடோன்ல வச்சிருந்த காசு, வருமான வரித்துறை தேடிப் போய் எடுத்தது. அப்படித் தேடிப் போங்க, தகவல் வாங்கிப் போங்கன்னுதான் நானும் கேக்கறேன். ரோட்டுல சோதனை வேணும்னா போடுங்க, ஆனா வண்டில கட்சிக்கொடி, நோட்டீஸ், பரிசுப்பொருள் எதுவும் இல்லாம ஒரு விவசாயி சந்தைல இருந்து வர்றேன்னு சொன்னா, பேரு ஊரு எழுதிக்கிட்டு விட்டுட்டு பின்னாடி விசாரிங்களேன், அவரு எங்க ஓடிடப் போறாரு. அந்த 50 ஆயிரத்தயும் மாத்தணும், இன்னைக்கு ஒரு பவுன் தங்கம் கூட அந்தக் காசுக்கு வராது, இத வியாபாரிங்க ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டுட்டுதான் இருக்காங்க. அடுத்த தேர்தல் அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே உங்க ஊர் வியாபாரிகள் சங்கம், விவசாயிகள் சங்கம் மூலமா தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு எழுதிப் போடுங்க, அறிவிச்சப்புறம் அதிகாரிங்களுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது.