டியூப் போடும் கை பழக என்ன வழி? (பதில்)

வணக்கம் டாக்டர். தண்டையார்பேட்டையில் உங்கள் பிரசவ ஆஸ்பத்திரி ஜூனியர்கள் பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் போட மூன்று நான்கு முறை தடுமாறுகிறார்கள், பழகக் கேஸே கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2015-க்குப் பிறகு, பனிக்குடநீரில் மலம் கலந்து துவண்டு பிறக்கும் குழந்தைகளுக்கு வழக்கமாக டியூப் போட்டு உறிஞ்சுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நம் காலத்தில் கை பழகியதே அதில்தானே.

ராயபுரத்தில் நாங்கள் லேபர் வார்டு மூலையில் ஒரு பயிற்சிப் பொம்மையை வைத்துவிட்டோம். ட்யூட்டி மாறும்போது ஆளுக்கு 5 நிமிடம். பக்கத்தில் ஒரு சிஸ்டர் சத்தமாக எண்ணுவார். 30 விநாடி முடிந்தால் லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) பிளேடை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேக் மாஸ்க், அதாவது முகமூடி வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுப்பது.

பெரும்பாலும் தப்பு நடப்பது பிளேடு ஆழமாகப் போய்விடுவதில்தான். உணவுக்குழாய்தான் தெரியும். மெல்லப் பின்னுக்கு இழுத்தால் குரல்நாண்கள் கூரை மாதிரி கண்ணில் படும். கைப்பிடி நீளும் திசையில் தூக்க வேண்டும், ஈறில் வைத்து நெம்பவே கூடாது. அப்புறம், டியூபை எவ்வளவு ஆழம் விடுவது என்பதற்குக் கிலோ எடையோடு 6 கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்: 3 கிலோ குழந்தைக்கு உதட்டருகே டியூபின் 9 சென்டிமீட்டர் குறி.

முடிந்தால் வீடியோ லாரிங்கோஸ்கோப் கேளுங்கள். 2024-இல் வெளியான டப்ளின் ஆய்வில் முதல் முயற்சியிலேயே 74 சதவீதம் வெற்றி, சாதாரணக் கருவியில் 45. ஜூனியர் பார்ப்பதை நீங்களும் திரையில் பார்த்துக்கொண்டே சொல்லித்தரலாம்.

பொம்மை வாங்கும் வரை எங்களுடையதில் வந்து பழகட்டும், தனிச்செய்தி அனுப்புங்கள்.